தாரணி சொன்னது

லூர்துராஜின் வயிற்றில் ஏதோ சரியில்லை என்பது முதலில் தாரணிக்குத்தான் தெரிந்தது. சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன், அவள் கையை இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு "கல்லு" என்றான். சட்டைக்கு மேலேயே தெரிந்தது. வயிறு உப்பி இறுகிக் கிடந்தது. மின்விசிறி அவன் தலைக்கு நேர் மேலேதான் ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் அவன் நெற்றியிலிருந்து வேர்வை இறங்கி மீசையில் நின்றது.

லூர்துவின் தொண்டைக்குழியில் ஒட்டியிருந்த சிறிய வட்டம் பச்சையாக மின்னியது. வானொலியில் செய்தி வாசிப்பவருடையதைப் போல ஒரு நல்ல ஆண்குரல் அதிலிருந்து வந்தது.

"இன்று மதியச் சாப்பாடு பலம். வயிறு நிறைந்துவிட்டது."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். லூர்து தங்கியிருந்த இளவெயில் இல்லத்தின் வார்டன் கிரிஜாவும் சிரித்தாள். "எங்க லூர்துக்குச் சோறுன்னா உசுருங்க," என்றாள் பக்கத்தில் இருந்தவர்களிடம்.

லூர்து சிரிக்கவில்லை. தாரணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வட்டத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் உரைத்துணை. திருப்பூரில் எல்லோரும் துணை என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் பேச்சு சரளமாக வராதவர்களுக்கு அது இலவசம். தொண்டைத் தசை அசைவதையும் நாடி துடிப்பதையும், வாயில் வரும் அரைச் சொல்லையும் கால் சொல்லையும் சேர்த்துப் பார்த்து, அவர் சொல்லவருவது இதுதான் என்று ஊகித்து, முழு வாக்கியமாகச் சொல்லிவிடும். துணை சொல்வதுதான் அவருடைய சொல் என்று சட்டமும் வந்திருந்தது. வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் நீதிமன்றத்திலும் அதுவே செல்லும். அம்மா, அப்பா, அண்ணன், வார்டன் என்று யாரும் இனி குறுக்கே நின்று அவர்களுக்காகப் பேச முடியாது.

அந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கியவர்களில் தாரணியும் ஒருத்தி. அவளும் லூர்துவும் இன்னும் சிலரும் சேர்ந்து 'நாங்களே' என்று ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். 'எங்களுக்காக யாரும் பேசாதீர்கள். எங்களிடம் கேளுங்கள்' என்று எழுதிய அட்டையைத் தாரணிதான் தூக்கிப் பிடிப்பாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியும். எழுதும்போது சொல்லச் சொல்ல எழுதவைத்தவர்களில் அவளும் உண்டு.

அந்தக் காலத்தில் அவர்கள் பேசுவதைக் கேட்க நேரம் பிடிக்கும். தாரணி ஒரு சொல் சொல்லி, அடுத்த சொல்லைத் தேடிப் பிடித்து வருவதற்குள் கேட்பவர் கைபேசியை எடுத்துவிடுவார். லூர்து மட்டும் எடுக்கமாட்டான். அவன் சொல்வதை அவளும் அவள் சொல்வதை அவனும் பொறுமையாகக் கேட்டு, மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வார்கள். அவர்கள் கேட்டது, தங்கள் பேச்சைக் கேட்கக் கொஞ்சம் நேரம் வேண்டும் என்பதுதான். அரசாங்கம் நேரத்தைக் கொடுக்காமல் கருவியைக் கொடுத்தது.

துணையை முதன்முதலாக வழங்கிய விழாவில் தாரணியை மேடையில் நிற்கவைத்தார்கள். அமைச்சர் ஒருவர் அவள் கழுத்தில் வட்டத்தை ஒட்டிவிட்டு ஒலிவாங்கியை நீட்டினார். அவள் வாயைத் திறந்ததும், "இன்று முதல் நானும் பேசுகிறேன். அனைவருக்கும் நன்றி," என்று தேன் மாதிரி ஒரு பெண்குரல் ஒலித்தது. மண்டபமே எழுந்து கைதட்டியது. முதல் வரிசையில் அவள் அண்ணன் லோகநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அவள் சொல்ல நினைத்தது, விளக்கு கண்ணைக் குத்துகிறது என்பதைத்தான்.

இப்போது கூட்டத்தில் அவள் நாற்காலியை விட்டு எழுந்து போய் கிரிஜாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "லூது... வயிறு... கல்லு," என்றாள். அடுத்த சொல்லுக்காக முகத்தைச் சுளித்து முயன்று, "டாக்டரு," என்றாள்.

அவள் கழுத்து மின்னியது. "லூர்துவை ஒரு டாக்டர் மாதிரி கவனித்துக்கொள்கிறீர்கள். மிக்க நன்றி."

"அட, என்ற தங்கமே," என்று கிரிஜா அவள் கன்னத்தைத் தடவினாள். "நீயாச்சும் சொல்றியே. யாரு சொல்றாங்க இப்பெல்லாம்."

தாரணி இல்லையென்று தலையை வேகமாக ஆட்டினாள். வட்டத்தைக் கையால் பொத்திக்கொண்டு மறுபடியும் "கல்லு, கல்லு" என்றாள். விரலிடுக்கில் பச்சை வெளிச்சம் கசிந்தது. "எனக்கும் வயிறு நிறைந்துவிட்டது," என்றது குரல், பொத்தியதால் சற்று அடங்கி.

"அதப் புடுங்கக் கூடாது சாமி," என்று கிரிஜா அவள் கையை மெல்ல விலக்கிவிட்டாள். இல்லத்து வேன் வந்துவிட்டது. ஒவ்வொருவராகக் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். லூர்து குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறினான். ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாரணியைத் தேடினான்.

லோகு காரோடு வந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். காரில் ஏறியதும் கண்ணாடியைத் தட்டினாள், வேன் போன திசையைக் காட்டினாள், அண்ணனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "லூது, லூது," என்றாள்.

"லூர்துவைப் பார்த்தது சந்தோஷம். களைப்பாக இருக்கிறது. வீட்டுக்குப் போகலாம்," என்றது துணை.

"இதோ போயிரலாம் அம்மிணி," என்றான் லோகு. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தான். அவளுக்குப் பிடித்த கடலைமிட்டாயைக் காரின் முன்தட்டிலிருந்து எடுத்துத் தந்தான். நல்ல அண்ணன். அம்மா போனபிறகு ஒருநாள்கூட அவளிடம் முகம்சுளித்துப் பேசியதில்லை. தாரணி கடலைமிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டே வந்தாள். வெல்லம் உருகி உள்ளங்கையில் ஒட்டியது.

புதன்கிழமை லூர்து இறந்துபோனான். குடல் முறுக்கிக்கொண்டிருந்தது என்றார்கள். இரண்டு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் சாதாரண ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொன்னதைத் தாரணி கேட்டாள். நாள் கணக்கு அவளுக்குக் குழம்பும். ஆனால் ஞாயிறு எது, புதன் எது என்று தெரியும். ஞாயிறு முதலில் வரும்.

கல்லறைத் தோட்டத்தில் பாதிரியார் ஜெபித்து முடித்து, ஒவ்வொருவரும் ஒரு பிடி மண் போட்டார்கள். தாரணி மண்ணை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "சொன்னேன்," என்றாள் குழியைப் பார்த்து. "சொன்னேன் லூது. சொன்னேன்."

"அவர் இறைவனிடம் இளைப்பாறட்டும்," என்றது துணை. சுற்றி நின்றவர்கள் ஆமென் என்றார்கள்.

அதற்கப்புறம் அவள் காலையில் துணையைப் போட மறுத்தாள். லோகு கெஞ்சிப் பார்த்தான், அதட்டவில்லை. பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலைக்கு அவனே கூட்டிப்போய் விட்டுவந்தான். அங்கே அவள் நூலோடு சேர்த்துத் துணியையும் வெட்டினாள். நாலைந்து பனியன்கள் ஓட்டையானதும் சூப்பர்வைசர் கத்திரியை வாங்கி வைத்துக்கொண்டு, கொஞ்ச நாள் வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

இல்லத்தில் இருப்பவர் யார் இறந்தாலும் விசாரணை உண்டு. இறந்தவரைத் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று அறிவிப்பு வந்திருப்பதை லோகு சாப்பாட்டு நேரத்தில் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். தாரணி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய், தானே துணையை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"போகணுமா?" என்றான் லோகு.

அவள் தலையாட்டினாள்.

"நீ போய் என்ன கண்ணு சொல்லப்போற?"

அவள் அவனையே பார்த்தாள். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை.

விசாரணை மாவட்ட அலுவலகத்தின் மாடியில் நடந்தது. விசாரித்த அதிகாரி நடுத்தர வயதுப் பெண். கெட்டவர் என்று சொல்லமுடியாது. தாரணி உட்காரத் தன் பக்கத்திலேயே நாற்காலி போடச்சொன்னார், காற்றாடியை அவள் பக்கம் திருப்பிவிட்டார். கிரிஜா ஒரு ஓரத்தில் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கருவி சரியாக வேலை செய்கிறது என்று சான்று தருவதற்காக ஃபர்ஹானா என்ற தொழில்நுட்பப் பெண்ணும் வந்திருந்தாள். திருப்பூர் வட்டாரத்துக்கே துணை மாட்டிவிடுவது அவள்தான்.

"லூர்துராஜப் பத்தி என்ன சொல்லணுமோ சொல்லுங்கம்மா. அவசரமே இல்ல," என்றார் அதிகாரி.

தாரணி வழியெல்லாம் சொற்களை அடுக்கிவைத்திருந்தாள். லூது, வயிறு, கல்லு, ஞாயிறு, சொன்னேன், டாக்டரு, யாரும் கேக்கல. அந்த வரிசை கலையாமல் இருக்கப் படியேறும்போதுகூட உதட்டை அசைத்துக்கொண்டே வந்திருந்தாள். இப்போது ஒவ்வொன்றாக எடுத்தாள். "லூது... வயிறு..."

"லூர்து என் நல்ல நண்பர். நன்றாக வயிறாரச் சாப்பிடுவார். இல்லத்தில் அவரை அன்பாகக் கவனித்துக்கொண்டார்கள். அவர் இறந்தது எனக்கு மிகவும் வருத்தம்."

அதிகாரி தலையசைத்தார். எழுத்தர் தட்டச்சு செய்தார்.

தாரணி வட்டத்தைப் பிடித்து இழுத்தாள். பிசின் தோலோடு வந்தது, கழுத்தில் ரத்தப் பொட்டுகள் தெரிந்தன. அதை மேசையில் வைத்துவிட்டு அதிகாரியின் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்து, "லூது. கல்லு," என்றாள். "நாயிறு. கல்லு. நானு... நானு... சொன்னேன்."

"அதப் போட்டுக்குங்கம்மா. போட்டாத்தான் புரியும்," என்றார் அதிகாரி.

"சொன்னேன்," என்றாள் தாரணி.

அதிகாரி ஃபர்ஹானாவைப் பார்த்தார். "கருவி கோளாறா இருக்குதா?"

ஃபர்ஹானா அதை எடுத்துத் தன் கைக்கருவியோடு இணைத்துப் பார்த்தாள். "இல்லீங்க மேடம். நல்லாத்தான் இருக்குது."

"அப்ப ஏன் இப்படிப் பண்றாங்க?"

ஃபர்ஹானா கைக்கருவியை அணைத்து மேசையில் வைத்தாள். சொன்னால் தன் வேலைக்கு ஆகாது என்று யோசித்திருக்கலாம். பிறகு சொன்னாள்.

"இது இவங்க மனசப் படிக்கறதில்லீங்க மேடம். பாதி சொன்னா மீதி என்னவா இருக்கும்னு ஊகிக்குது, அவ்வளவுதான். நேத்து ஊகிச்சதெல்லாம் சரியான்னு தெனம் காலைல போன்ல கேக்கும். சரின்னு அழுத்துனா அந்தப் பக்கமே போகும். தப்புன்னு அழுத்துனா விட்டுரும். அப்படித்தான் கத்துக்குது."

"யார்கிட்டக் கேக்கும்? இவங்ககிட்டயா?"

"இவங்க ஆமான்னு சொன்னாலும் அந்த ஆமாவ ஊகிக்கறதும் இதேதானுங்களே. அதனால கூட இருக்கறவங்ககிட்டக் கேக்கற மாதிரி செஞ்சுட்டாங்க."

அதிகாரி கிரிஜா பக்கம் திரும்பினார். "லூர்துராஜுக்கு நீங்கதான் அழுத்துனீங்களா?"

"எல்லாத்துக்கும் நாந்தானுங்க," என்றாள் கிரிஜா. "அடுப்புல இட்லி வெந்துட்டிருக்கும், ஒரு கையில அழுத்தீட்டு இருப்பேன். நல்ல வார்த்தையா இருந்தா சரின்னு போடுவேன். வலிக்குது, புடிக்கல, போகணும்னு தெனம் தெனம் வந்தா... அது எப்பவும் வர்றதுதானே, சும்மா சொல்றாங்கன்னு தப்புன்னு போட்டிருப்பேன். நான் கெட்ட எண்ணத்துல பண்ணலீங்க. ஆளுக்கு ஒருத்தர் வேணும்னு கேட்டா நீங்க யாராச்சும் குடுத்தீங்களா?" அவள் கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்து அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை என்று தாரணிக்குத் தெரிந்தது. லூர்துவுக்குச் சோறு பிசைந்து ஊட்டிய கைதான் அது.

"இவங்களுக்கு யாரு?" என்று அதிகாரி தாரணியைக் காட்டிக் கேட்டார்.

ஃபர்ஹானா லோகுவைப் பார்த்தாள். தாரணியும் பார்த்தாள்.

லோகு எழுந்து நின்றான். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டான். "மேடம், இவ சொல்றது எனக்கு இப்பப் புரியுதுங்க. அந்த ஞாயித்துக்கெழமை லூர்து வயிறு கல்லு மாதிரி இருந்திருக்குது. இவ தொட்டுப் பாத்திருக்கறா. சொல்லியிருக்கறா. கார்ல என்ற தோளப் புடிச்சு ஆட்டி ஆட்டிச் சொன்னா. நான்..." அவன் எழுத்தரின் பக்கம் கை நீட்டினான். "எழுதிக்குங்க மேடம். நான் சொல்றேன்."

"நீங்க சொல்றத எழுத முடியாதுங்க," என்றார் அதிகாரி. குரலில் கடுமை இல்லை. "சட்டம் அப்படி. வீட்டாளுங்க அவங்கவங்க வசதிக்கு மாத்திச் சொல்லீட்டிருந்தாங்க. சொத்து எழுதி வாங்குனாங்க, கர்ப்பப்பைய எடுத்தாங்க, எல்லாம் அவங்க சம்மதிச்சுட்டாங்கன்னு சொல்லித்தான். அதனாலதான் எங்களுக்காக எவரும் பேசக்கூடாதுன்னு இவங்க சங்கமே கேட்டு வாங்குச்சு. அது சரியான சட்டம். நான் மீற முடியாது."

தாரணிக்கு அந்த வரி தெரியும். வெயிலில் கை கடுக்க அவள் தூக்கிப் பிடித்த வரி.

அதிகாரி பெருமூச்சு விட்டு எழுத்தரிடம் சொன்னார். "சாட்சி உரைத்துணை வழியாகச் சொன்ன வாக்குமூலம் பதிவாயிற்று. அதன்பின் கருவியை அகற்றிவிட்டார். தொடர்ந்து பொருள் விளங்காத ஒலிகள்."

ஒலிகள் என்றால் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று தாரணிக்குப் புரிந்தது. அவள் அழவில்லை. மேசை மேல் கிடந்த வட்டம் யாரும் தொடாமலே ஒருமுறை மின்னி அணைந்தது.

இயற்கை மரணம் என்று முடிவு வந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் லோகு துணையை அலமாரியில் வைத்துப் பூட்டினான். இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து, கீழே அவள் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். "அது வேண்டாம். நீயே சொல்லு. உனக்கு என்ன வேணும்? எவ்வளவு நேரமானாலும் சரி, நான் இங்கயேதான் இருப்பேன்."

தாரணி சொல்லைத் தேடினாள். அவன் ஒருமுறை கைபேசியை எடுத்தான், பிறகு அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். டீயில் ஆடை படிந்தது.

"லூது," என்றாள் அவள். பிறகு, "நானு." பிறகு ரொம்ப நேரம் கழித்து, "வீடு."

லோகு தலையாட்டினான். "லூர்து ஞாபகமா இருக்குது உனக்கு. இங்க வீட்டுலயே இரு, நான்..." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டான்.

அந்த மூன்று சொற்களும் அவனுக்குப் புதிதில்லை. அம்மா இறந்த வருஷத்திலிருந்தே கேட்டிருக்கிறான். காலையில் துணை அதை வாக்கியமாக்கிக் காட்டும். 'லூர்துவையும் எனக்குப் பிடிக்கும். நம் வீட்டையும் எனக்குப் பிடிக்கும்.' படிக்க நன்றாக இருக்கும். சரி என்று அழுத்திவிட்டு வண்டிச் சாவியை எடுப்பான்.

"அம்மிணி," என்றான். "லூர்துவும் நீயும் தனியா ஒரு வீட்டுல இருக்கணும்னா சொன்ன?"

அவள் தலை மெதுவாக மேலும் கீழும் ஆடியது.

"இங்க என்கூட இருக்கறது புடிக்கலையா?"

அவள் அவன் முழங்காலைத் தொட்டாள். பிடிக்கவில்லை என்பதில்லை. ஆனால் எந்தச் சேலை என்று அண்ணி எடுத்துவைப்பாள், எப்போது படுக்கவேண்டும் என்று அண்ணன் விளக்கை அணைப்பான், வெளிக்கதவின் சாவி அவர்களிடமே இருக்கும். லூர்துவோடு இருந்தால் சாவி ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளலாம் என்று அவனும் அவளும் பேசி வைத்திருந்தார்கள். இதையெல்லாம் சொல்ல அவளிடம் அத்தனை சொல் இல்லை. "வேற வீடு," என்றாள். "சாவி."

"எப்பருந்து சொல்லீட்டு இருக்கற?"

"சொன்னேன்."

"அம்மா போனப்பவே இருந்தா?"

"சொன்னேன்."

லோகு எதையோ கணக்குப் போடுவதுபோலத் தரையைப் பார்த்தான். அப்போதே கேட்டிருந்தால் லூர்து அந்த இல்லத்தில் இருந்திருக்கமாட்டான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவன் வலியில் புரண்டபோது பக்கத்தில் தாரணி இருந்திருப்பாள். அண்ணன் முகம் மாறுவதைப் பார்த்து, அவன் எங்கே போய்ச் சேர்ந்துவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் அந்த இடத்துக்குப் பல நாள் முன்பே வந்து சேர்ந்திருந்தாள். அவன் எழுந்து பின்கட்டுக்குப் போனான். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்கவே இல்லை.

மறுநாள் இருவருமாக ஃபர்ஹானாவின் அலுவலகத்துக்குப் போனார்கள். "இதுல இருக்கறத எல்லாம் அழிச்சுக் குடுங்க," என்றான் லோகு.

"அழிச்சா சட்டப்படி அவங்களுக்கு வாயே இல்லாமப் போயிருங்க. ஆஸ்பத்திரில சேக்கறதுக்குக்கூட ஆகாது." ஃபர்ஹானா கொஞ்சம் தயங்கினாள். "மாத்திக் கத்துக்குடுக்கலாம். எப்படிக் கத்துக்குடுத்தீங்களோ அதே மாதிரி, தெனமும் உக்காந்து. அவங்க என்ன சொன்னாங்கன்னு அவங்ககிட்டயே கேட்டு, பொறுமையாக் கேட்டு அழுத்தணும். அது நெசமாவே அவங்க சொல்றதச் சொல்லுதுன்னு ஆனப்பறம் மறுக்கா மனுப் போடலாம். அப்ப எழுதித்தான் ஆகணும்."

"எத்தன நாளாகுங்க?"

"நீங்க எத்தன நாளாக் கத்துக்குடுத்தீங்க?"

லோகு தங்கையிடம் திரும்பினான். "உனக்கு வேண்டாம்னா விட்டுரலாம். தூக்கி வீசீட்டுப் போலாம். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

தாரணிக்கும் வீசத்தான் ஆசை. மேசை மேல் இருந்த அந்த வட்டத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேனில் லூர்து மட்டும் ஏறவில்லை. அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் ஏறினார்கள். வேன் இன்றைக்கும் அந்த இல்லத்துக்குத்தான் போகிறது. இன்றைக்குக் காலையிலும் அங்கே இட்லி வெந்திருக்கும்.

"அங்க," என்றாள். "இன்னும்... இருக்காங்க."

துணையை எடுத்து, ஆறாத கழுத்தில் தானே வைத்து அழுத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து காலைப் பலகாரம் முடிந்ததும் அண்ணனும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். முதல் வாரம் முழுக்க அது ஒரே பாட்டைப் பாடியது. "அண்ணன் வீட்டில் மகிழ்ச்சியாக இருக்கிறேன்." லோகு தப்பு என்று அழுத்தினான். "இந்த வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை." தப்பு. "என்னை இங்கே ராணி மாதிரி வைத்திருக்கிறார்கள்." தப்பு. ஒவ்வொரு முறையும் அவன் தாடை இறுகுவதைத் தாரணி பார்த்தாள். அவன் இத்தனை வருஷமாக நம்பியதையெல்லாம் அவன் விரலாலேயே ஒவ்வொன்றாகத் தள்ளிவிட வேண்டியிருந்தது. போதும் என்று சொல்லலாமா என்று அவளுக்குத் தோன்றும். சொல்லமாட்டாள்.

ஒருநாள் காலை அது புதிதாக ஒன்று சொன்னது. "அண்ணனை எனக்கு மிகவும் பிடிக்கும்."

லோகுவின் விரல் பாதியில் நின்றது. பழக்கத்தில் தப்பை நோக்கிப் போய், அழுத்தாமல் தயங்கியது. அவன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "இது எப்படி கண்ணு?" என்றான் மேசையைப் பார்த்தபடி. "இதுவும் நான் சொல்லிக்குடுத்ததா?"

தாரணி யோசித்தாள். தோளை உலுக்கியபோது தண்ணீர் பாட்டிலை நீட்டிய அண்ணன். பின்கட்டில் குழாயை மூட மறந்த அண்ணன். சொல் வர நேரமானது. அவன் காத்திருந்தான்.

"இல்ல," என்றாள். "அது... நானு."

அவன் சரி என்று அழுத்தினான். அழுத்திவிட்டுச் சட்டைக்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவள், "லூது," என்றாள்.

துணை மின்னியது. "லூர்து நன்றாகச் சாப்பிடுவார்."

அவள் இல்லையென்று தலையசைத்தாள். தப்பு.

"லூர்துவை அன்பாகக் கவனித்துக்கொண்டார்கள்."

தப்பு.

"லூர்து இறைவனிடம் இளைப்பாறுகிறார்."

லோகு அவளைப் பார்த்தான். அவள் கண்ணை மூடி இல்லையென்று தலையசைத்தாள். தப்பு.

பச்சை வெளிச்சம் எரிந்துகொண்டே இருந்தது. குரல் வரவில்லை. அதனிடம் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. சமையலறையில் குக்கர் கூவி அடங்கியது. தெருவில் கம்பெனி வேன் ஒன்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"லூது," என்றாள் தாரணி மறுபடியும், தன் குரலில். அந்தக் குரல் கரகரவென்று, எங்கோ முட்டி நின்று நின்று வந்தது. லோகு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான்.

"லூது... என்னைய..."

அடுத்த சொல் வரவில்லை. அவளுக்கு அது எங்கே இருக்கிறதென்று தெரியும், போய் எடுத்துவர வேண்டும். லோகுவுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. அவன் எழுந்திருக்கவில்லை.